அடுப்படிச் சுவரில் எழுதாத கேள்வி

நீ போட்ட இன்லேண்டு கடிதம் வந்து சேர்ந்தது. முன்னும் பின்னும் எழுத இடமிருக்கிற தாளில் மூன்று வரி எழுதி, மிச்சத்தை வெள்ளையாகவே விட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறாய். ‘நலம். வேலை அதிகம். விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.’ போன தடவை வந்ததிலும் இதேதான் இருந்தது. உன் அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, ‘நல்லாக்கீறான் போல’ என்று மடித்து வைத்துவிட்டார். எனக்கு அப்படி மடித்து வைக்க வரவில்லை. நான் என்னென்ன கேட்டு எழுதியிருந்தேன்? உன் இருமல் நின்றதா என்று கேட்டேன். சுனந்தா எழுதிக்கொண்டிருந்த ஆராய்ச்சி முடிந்ததா என்று கேட்டேன். உன் அப்பாவின் இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, விழுப்புரத்தில் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள், நீ வந்து நிற்பாயா என்று கேட்டேன். ஒன்றுக்காவது பதில் உண்டா? கிணற்றுக்குள் கல்லைப் போட்டால்கூடக் கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் வரும். உன்னிடமிருந்து அதுவும் இல்லை. அதனால் இந்தத் தடவை இன்லேண்டு வாங்கவில்லை. முழுத்தாள் வாங்கி உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு நீளமாகப் போனாலும் நீ படித்தே தீர வேண்டும்.

கேள்வி கேட்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான் என்பதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. நினைவிருக்கிறதா? நீ வெள்ளிமலையில் விவசாய இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். மலைச் சாமையைப் பற்றி ஆராய்ச்சி செய்ய மராட்டியத்திலிருந்து வந்த பெண் என்று சுனந்தாவின் பேரை முதலில் சொன்னதே, ஒரு மூட்டை சாமையை அடுப்படியில் இறக்கி வைத்துக்கொண்டுதான். சாமையைப் பார்ப்பதா, உன் முகத்தைப் பார்ப்பதா என்று நான் விழித்துக்கொண்டிருந்தேன். ‘ம்மா, அடுத்த வாரம் அவங்க அப்பா அம்மா நம்ம வூட்டப் பாக்க வர்றாங்க. அவங்களுக்குத் தமிழ் சுத்தமா தெரியாது. நீயும் அப்பாவும் இங்கிலீஷ்ல நாலு கேள்வியாவது கேக்கக் கத்துக்கோங்க’ என்றாய். எட்டாவதோடு நின்றவள் நான். உன் அப்பா ஐந்தாவது. எங்களுக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இங்கிலீஷ் வந்துவிட வேண்டும் உனக்கு.

கரிக்கட்டியை எடுத்து, பொங்கலுக்கு வெள்ளையடித்த அடுப்படிச் சுவரில் வரிசையாகத் தமிழ் எழுத்தில் எழுதினாய். முதல் வரி, ‘வேர் ஆர் யூ கோயிங்?’ அதன் கீழே ‘வாட் இஸ் யுவர் நேம்?’, ‘ஹவ் இஸ் யுவர் ஹெல்த்?’, ‘டூ யூ வான்ட் வாட்டர்?’ இப்படியே உப்பு ஜாடி வரைக்கும் இறங்கியது. நமக்கெல்லாம் கேள்வி என்றால் ஒரு ‘ஆ’ போட்டால் முடிந்தது. சாப்பிட்டீங்க என்பதைச் சாப்பிட்டீங்களா என்று இழுத்துவிட்டால் கேள்வி. அங்கே அப்படி இல்லை, நடுவில் நிற்பதைப் பிடித்து முன்னால் நிறுத்த வேண்டும் என்றாய். ‘யூ ஆர் கோயிங்’ என்றால் செய்தி, ‘ஆர் யூ கோயிங்’ என்றால் கேள்வி. உன் அப்பா உடனே, ‘எடத்து மாட்ட வலத்துல மாத்திக் கட்டற மாரி. அவ்ளோதான?’ என்றார். நீயே அசந்துபோனாய். அடுத்ததில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ‘அது இன்னாடா டூ? அதுக்கு இன்னா அர்த்தம்?’ என்று கேட்டேன். ‘அதுக்கு அர்த்தம்லாம் இல்லம்மா, சும்மா முன்னாடி வெக்கணும்’ என்றாய். அர்த்தமே இல்லாத ஒன்று எதற்காக முன்னால் நிற்கிறது என்று கேட்டதற்கு, ‘நீ கேள்வி கேக்காத, சொல்றத மட்டும் சொல்லு’ என்று கத்தினாய். கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுக்கிறவன் சொல்கிற பேச்சா அது? உனக்குப் பொறுமை கிடையாது. அது என்னிடமிருந்து வந்ததுதான், அதை நான் மறுக்கவில்லை.

அவர்கள் வந்து இறங்கிய அன்று எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திருக்கோவிலூரிலிருந்து சாயங்கால பஸ்ஸில் மணலூர்பேட்டைக்கு வந்தார்கள். உன் மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் நேரத்துக்குச் செய்கிறவர். உன் மாமியார் அதிகம் பேசவில்லை. வீட்டை, மாட்டை, என்னை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நீயும் சுனந்தாவும் மலையிலிருந்து இறங்கி வருவதாகப் பேச்சு. விடிந்து பார்த்தால் சாலை முழுக்க மரம். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் என்று முன்பே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் இப்படிப் புளியமரமும் தூங்குமூஞ்சி மரமும் வரிசையாகக் குறுக்கே கிடக்கும் என்று யார் கண்டார்கள்? பஸ் இல்லை. தபால் இல்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு வண்டி வர வழியில்லை. நீ மலைமேல் சுனந்தாவோடு மாட்டிக்கொண்டாய். நாங்கள் கீழே அவள் அப்பா அம்மாவோடு மாட்டிக்கொண்டோம்.

அப்போதுதான் உன் பாடத்தில் இருந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது. கேட்கச் சொல்லிக்கொடுத்தாய், அவர்கள் பதில் சொன்னால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. ‘ஹவ் இஸ் யுவர் ஹெல்த்?’ என்று உன் மாமியாரிடம் கேட்டேன். அவர் முழங்காலைத் தொட்டுக் காட்டி, இடுப்பைத் தொட்டுக் காட்டி, மடை திறந்தாற்போல் பேச ஆரம்பித்துவிட்டார். நான் தலையாட்டி முடித்து அடுத்த கேள்வியைக் கேட்டேன். ‘டூ யூ வான்ட் வாட்டர்?’ அதையும் எத்தனை தடவை கேட்பது? பாவம், நான் கேட்கிறேனே என்று அவர் சொம்பு சொம்பாகக் குடித்துவைத்தார். உன் மாமனார் வாசலில் நின்றபடி, சாலையில் வெட்டிக் கிடந்த மரங்களைப் பார்த்து, ‘ஒய்?’ என்று கேட்டார். அந்த ஒரு சொல் எனக்கு விளங்கியது. பதில்தான் இல்லை. நம் தெருப் பையன்கள் படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்கிறார்கள், ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், யாரும் பதில் சொல்லவில்லை, அதனால்தான் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தமிழில் சொல்லத் தெரியும். கூடவே, அந்த மரங்களைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது என்பதையும் சொல்லத் தெரியும். இங்கிலீஷில் கையை விரித்துக் காட்டினேன். அவ்வளவுதான் முடிந்தது.

ஒரு நாள் காலையில் உன் மாமனார் சவரம் செய்து, ஷூ போட்டு, தோளில் பையை மாட்டிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார். மகளுக்குத் தகவல் சொல்ல வழியில்லாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும். ஆனால் எங்கே கிளம்பினார் என்று தெரியாது. வெளியே நிலைமை நன்றாக இல்லை. எங்கோ கல்லடி, எங்கோ போலீஸ் அடித்தது, எங்கோ சுட்டுவிட்டார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்க வேண்டிய கேள்வி அடுப்படிச் சுவரில் முதல் வரியாக இருக்கிறது. உலகத்தில் எனக்குத் தப்பில்லாமல் வருகிற ஒரே இங்கிலீஷ் அதுதான். நான் அவருக்கு எதிரில் நிற்கிறேன். உன் அப்பா பக்கத்தில் நிற்கிறார். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்போம்? கிளம்புகிற மனுஷரைப் பார்த்து, ஒரு கால் படிக்கு வெளியே இருக்கும்போது, எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்களா? நம் வீட்டில் யாரையாவது யாராவது கேட்டிருக்கிறோமா? நீ சின்ன வயதில் ஒரு தடவை உன் அப்பாவைக் கேட்டுவிட்டு வாங்கிய அறை உனக்கு மறந்திருக்கலாம். அவர் திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து, அந்தக் கேள்வியைக் கொண்டுபோய் முதல் வரியாக எழுதினாயே, உன்னை என்ன சொல்வது?

நாம் கேட்பதைத்தான் நான் கேட்டேன். ‘தூரமா?’ என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். உன் மாமியார் அப்போது கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே அவரைத் தேடினார். நான் வாசலைக் காட்டினேன். ‘வேர்?’ என்றார். தெரியாது என்று கையை விரித்தேன். ‘யூ ஆஸ்க்டு?’ என்றார். இல்லை என்று தலையாட்டினேன். உன் அப்பாவைப் பார்த்தார். அவரும் இல்லை என்று தலையாட்டினார். அப்போது அந்த அம்மாவின் முகம் மாறியதை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. உன் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடப் போனார், முதல் மரத்தைத் தாண்டவே முடியாமல் திரும்பி வந்தார். மத்தியானம் போட்ட சோறு அப்படியே ஆறிப்போனது. ‘நோபடி ஆஸ்க்டு’ என்று சொல்லிச் சொல்லி உன் மாமியார் அழுதுகொண்டிருந்தார். பாஷை தெரியாத ஊரில், கலவரத்துக்குள் ஒரு வயதான மனுஷர் இறங்கிப் போகிறார், எங்கே என்றுகூட யாரும் கேட்கவில்லை, இந்த வீட்டிலா என் மகளைக் கொடுப்பேன் என்று அவர் நினைத்திருப்பார். அதை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு உன் மாமனார் வந்து சேர்ந்தார். கடைசி வீட்டு ஏழுமலை வரப்பு வழியாகவே சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்தான். தந்தி கொடுக்க ஒரு தபாலாபீஸ் கிடைக்குமா என்று மரம் மரமாகத் தாண்டி நடந்திருக்கிறார். போலீஸ் வேன் வந்ததும் பையன்கள் சிதறி ஓடியிருக்கிறார்கள், ஓடும்போது இவரையும் கையைப் பிடித்துக் கரும்புக் கொல்லைக்குள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ‘பெரியவரு பாவம், இன்னா கேட்டாலும் யெஸ் யெஸ்னுக்கினு இருந்தாரு. கரும்பு ஒடச்சிக் குடுத்தோம். உங்க வூட்டுக்கு வந்தவருன்னு அப்பறந்தான் தெரிஞ்சுது, அதான் இட்டாந்துட்டேன்’ என்றான் ஏழுமலை. அவர் முகத்தில் ஒரு பயமும் இல்லை, பல்லில் கரும்புச் சக்கைதான் மாட்டியிருந்தது. ஆனால் உன் மாமியார் அவரைப் பார்த்ததும் உள்ளே போய்ப் பெட்டியில் துணியை அடுக்க ஆரம்பித்துவிட்டார். சாலை திறந்ததும் கிளம்பிவிடுவது, மகளையும் கையோடு கூட்டிப்போவது என்று முடிவு கட்டியாகிவிட்டது. அவர்கள் பாஷையில் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில் சுனந்தாவின் பேர் திரும்பத் திரும்ப வந்தது, உன் பேர் ஒரு தடவைகூட வரவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உன்மேல் வந்தது, என்மேல் வந்தது, சுவரில் இருந்த கரி எழுத்தின்மேல் வந்தது. உன் மாமியார் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துவந்து உட்கார வைத்தேன். உன் மாமனாருடைய பையை எடுத்து என் தோளில் மாட்டிக்கொண்டேன். வாசற்படிக்குப் போய் ஒரு காலை வெளியே வைத்தேன். உன் அப்பாவைப் பார்த்து, ‘இன்னாங்க, அவன் சொல்லிக் குடுத்தான்ல, அத என்னப் பாத்துக் கேளுங்க. இவங்களுக்குத் தெரியட்டும்’ என்றேன். அவர் கேட்பார், நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துக் காட்டலாம், நம் வழக்கம் அவர்களுக்கு விளங்கிவிடும் என்பது என் கணக்கு. உன் அப்பா வாயைத் திறந்தார், மூடினார். ‘வேர்’ என்றார். அதற்குமேல் வரவில்லை. ‘கேளுங்களேன், வெளாட்டுக்குத்தான’ என்று அதட்டினேன். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது அவருக்கு. ‘வெளாட்டுக்குக்கூட வேணாம். ஊரு கெட்டுக்கீற நேரத்துல படில நிக்கிற உன்னப் பாத்து அத நான் கேக்க மாட்டேன். கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும். நீ உள்ள வா மொதல்ல’ என்று வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

உன் மாமியார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நடித்துக் காட்ட நினைத்தது ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் கேட்க முடியாமல் வியர்த்து நிற்கிற ஒரு மனுஷர் முகத்தை அவர் பார்த்துவிட்டார். மெதுவாக எழுந்து என்னிடம் வந்தார். படியைக் காட்டி, தன் வாயைக் காட்டி, ‘யூ வாட் ஆஸ்க்?’ என்றார். நீ கேட்டிருந்தால் இலக்கணம் தப்பென்று சொல்லியிருப்பாய். எனக்கு அது அப்படியே புரிந்தது. ‘தூரமா?’ என்றேன். கையை நீட்டித் தூரத்தைக் காட்டினேன், பிறகு அதே கையைத் திருப்பி வீட்டைக் காட்டினேன், போய்விட்டு வந்துவிட வேண்டும் என்று. ‘தூர்மா’ என்று சொல்லிப் பார்த்தார். உன் மாமனார், ‘யெஸ், யெஸ், மார்னிங் ஷீ செட்’ என்று, காலையில் நான் கேட்டதற்கு அப்போதுதான் சாட்சிக்கு வந்தார். அந்த அம்மா என்னைக் கட்டிக்கொண்டு திரும்ப அழுதார். மறுநாள் காலையில் உன் அப்பா மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பியபோது, கதவுக்குப் பின்னாலிருந்து ‘தூர்மா?’ என்று ஒரு குரல் வந்தது.

மரங்களை அப்புறப்படுத்தி பஸ் விட்ட பிறகு நீயும் சுனந்தாவும் வந்து இறங்கினீர்கள். நாங்கள் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாமைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு நீ என்ன சொன்னாய்? ‘பாத்தியாம்மா, நான் சொல்லிக் குடுத்த இங்கிலீஷு எப்பிடி வேல செஞ்சிருக்குது’ என்று மார்தட்டினாய். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டாயா? இல்லை. கல்யாணம் கையை விட்டுப் போய்த் திரும்பி வந்த கதை உனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. உன் அப்பா சொல்ல வேண்டாம் என்றார், நானும் விட்டுவிட்டேன். நீயாகக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

உன் அப்பாவோடு நான் குடும்பம் நடத்தியதில் அவர் என்னைக் கேட்ட கேள்விகளை எண்ணிவிடலாம். சோறாச்சா, மாடு கட்டியாச்சா, யாராவது வந்தாங்களா. உனக்குத் தலை வலிக்கிறதா என்று ஒரு தடவை கேட்டிருக்க மாட்டார். அன்றைக்கு அந்தப் படியில் நின்றபோதுதான், கேட்காததற்குள்ளும் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அதற்காக அது போதும் என்று நான் சொல்ல வரவில்லை. போதவே போதாது. கை பிடித்து இழுக்க ஒரு மறியல் வர வேண்டியிருந்தது. நீ அவர் மாதிரி இருக்காதே. சுனந்தாவைக் கேள். சாப்பிட்டாளா என்று கேட்பதோடு நிறுத்தாதே, அவள் எழுதுவது எந்த இடத்தில் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கேள். கேட்டுவிட்டுப் பதில் முடிகிற வரைக்கும் அங்கேயே இரு. உன் மாமியார் முழங்கால் வலியைச் சொன்னபோது நான் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடினேனே, அப்படிச் செய்யாதே. உன்னிடம் யாராவது கேட்டால் மூன்று வரியில் மூடி ஒட்டாதே. கேட்கிறவர்கள் பொழுது போகாமல் கேட்பதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு நீயும் அவளும் மராட்டியத்துக்கே கிளம்பிப் போன அன்று நான் படியில் நின்று, ‘தூரமா?’ என்றேன். எனக்கு ஊர்ப் பேர் தெரியும், எந்த ரயில் என்றுகூடத் தெரியும். நீ சிரித்துக்கொண்டே, ‘தூரந்தாம்மா’ என்றாய். சுனந்தாதான் நின்று, கையை நீட்டித் திருப்பி வீட்டைக் காட்டினாள். அவள் அம்மா சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். உன் அப்பா அதற்குள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். இப்போது ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சொன்னால், பொங்கல் போகட்டும், கரும்பு வெட்டு முடியட்டும் என்று எதையாவது சொல்லித் தள்ளுகிறார். நேற்று தடவிக்கொண்டு போய்த் தொழுவக் கல்லில் இடித்துக்கொண்டார். நீ வருகிற நாளுக்காகத்தான் தள்ளுகிறார் என்பதை அவர் வாயால் சொல்ல மாட்டார், உன்னைக் கேட்கவும் மாட்டார். ‘அவனுக்கு வேல இருக்கும், தொந்தரவு பண்ணாத’ என்று என்னையும் தடுக்கிறார்.

நான் அடுப்படிச் சுவருக்கு அதற்குப் பிறகு ஒரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்க விடவில்லை. அந்த வரிசையை மேலிருந்து கீழ்வரை தேடினேன், எனக்கு வேண்டியது அதில் இல்லை. நீ எழுதவே இல்லை. இடத்து மாட்டை வலத்தில் மாற்றிக் கட்டி, முன்னால் நிற்க வேண்டியதை முன்னால் நிறுத்தி, கரிக்கட்டியால் உப்பு ஜாடிக்குக் கீழே நானே ஒன்று எழுதியிருக்கிறேன். நீ படி தாண்டிப் போய் எவ்வளவோ நாளாகிவிட்டது, இனிமேல் கேட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. வென் ஆர் யூ கமிங்? தப்பாக இருந்தால் வந்து உன் கையால் திருத்திவிட்டுப் போ.

அம்மா